கணக்கு மாத்திரையும் கடைசி பெஞ்சும்

மருத்துவத்துல நிறைய நல்ல விஷயங்கள் வேற எதையோ தேடப் போன இடத்துல தட்டுப்பட்டதுதான். அந்த வரிசையில எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1937ல அமெரிக்காவுல, ரோட் ஐலண்டுங்கிற துளியூண்டு மாநிலத்துல நடந்தது. டாக்டர் ஒருத்தர் பசங்களுக்குத் தலைவலிக்காக ஒரு மாத்திரை கொடுத்தார். தலைவலி பெரிசா ஒண்ணும் குறையலை. ஆனா பசங்க உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க.

நிஜமாத்தான் :-) அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, பொட்டி தட்டுற எனக்கு இதுல என்ன வேலைன்னு சொல்லிடறேன்.

எங்க அக்கா பையன் நாலாங்கிளாஸ் படிக்கிறான். டைனோசர் பத்திக் கேட்டா அரை மணி நேரம் மூச்சு விடாம பேசுவான். வீட்டுப்பாடம் எழுத உக்காந்தா அஞ்சாவது நிமிஷம் பென்சில் சீவப் போயிடுவான், ஆறாவது நிமிஷம் எதுக்கு எழுந்தோம்னே மறந்துடும். டாக்டர் பாத்துட்டு ஏ.டி.எச்.டி.ன்னு சொன்னார். அதாவது கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துல, "எங்களால முடியலைங்க, டி.சி. வாங்கிட்டு வேற எங்கயாவது பாத்துக்கோங்க"ன்னுட்டாங்க. அக்கா போன்ல அழல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "இவனை மாதிரி பசங்க மத்த இடத்துல எல்லாம் எப்படிடா படிக்கிறாங்க?"

நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை தேடிப் படிக்கிறது. ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச ராத்திரிகள்ல படிச்சதோட சுருக்கம்தான் இந்தப் பதிவு. (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மருந்து வேணுமா வேண்டாமாங்கிறதை குழந்தையைப் பாக்குற டாக்டர்கிட்டயே கேளுங்க.)

பிரம்புக்கு அடங்காத கவனம்

ஏ.டி.எச்.டி. எல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த வியாதின்னு ஒரு பேச்சு இருக்கு. 1798ல எந்த செல்போன் இருந்துச்சு? அந்த வருஷம் அலெக்சாண்டர் கிரைட்டன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் மனக்கோளாறுகள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல கவனத்துக்குன்னே ஒரு அத்தியாயம். சிலர் பிறவியிலேயே ஒரு விஷயத்துல நிலையா கவனம் வைக்க முடியாதவங்களா இருக்காங்க, இது படிப்பைத்தான் முதல்ல பாதிக்கும், ஆனா வயசு ஏற ஏற குறையும்னு எழுதியிருக்கார். இன்னொண்ணும் சொல்றார். லத்தீன், கிரேக்க இலக்கணத்தோட வறட்சி சில பசங்களுக்கு ஒத்தே வராது, பிரம்பால மிரட்டினாலும் சரி, செல்லம் கொடுத்தாலும் சரி, அவங்க கவனத்தை அதுல நிறுத்த முடியாது, இது வாத்தியாருங்க எல்லாருமே பாத்திருக்கிற விஷயம்ங்கிறார்.

வேற வார்த்தையில சொன்னா, அடிச்சுப் பிரயோஜனம் இல்லைன்னு இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர் எழுதி வச்சுட்டுப் போயிட்டார். யாரும் பெரிசா கண்டுக்கலை.

அடுத்த முக்கியமான நிறுத்தம் 1902, லண்டன். ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில்ங்கிற குழந்தை மருத்துவர் அங்க இருந்த ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்ல மூணு சொற்பொழிவு கொடுத்தார். புத்தியில குறை இல்லாத, ஆனா தன்னைக் கட்டுப்படுத்திக்க முடியாத 20 குழந்தைகளைப் பத்திப் பேசினார். அதுல 15 பேர் பையன்கள், 5 பேர் பொண்ணுங்க. வளர்ப்பு சரியில்லாததால மட்டும் இப்படி ஆகலை, உடம்புலயே ஏதோ காரணம் இருக்குன்னு சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனா அவர் வச்ச பேர்தான் இடிக்குது. "ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை"ங்கிற மாதிரி ஒரு பேர். உடம்புல கோளாறுன்னு ஒரு பக்கம் சொல்லிட்டு, அதே மூச்சுல ஒழுக்கத்தையும் இழுத்துட்டார். அந்த வாடை இன்னும் போகலைங்கிறதை எந்த ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங்கிலும் பாக்கலாம்.

கணக்கு மாத்திரை

இப்ப ரோட் ஐலண்ட். ஜார்ஜ் பிராட்லின்னு ஒரு பணக்காரர். அவரோட ஒரே பொண்ணு எம்மாவுக்கு 7 வயசுல மூளைக்காய்ச்சல் வந்து, வாழ்நாள் முழுக்கப் பாதிப்போட இருந்தா. அவளை மாதிரிக் குழந்தைகளுக்கு உதவ எங்கயும் இடம் இல்லைன்னு பாத்த பெத்தவங்க, சொத்தை ஒரு மருத்துவமனைக்குன்னு உயில் எழுதி வச்சுட்டாங்க. 1931ல ஈஸ்ட் பிராவிடன்ஸ்ல எம்மா பேர்லயே அது திறந்துச்சு. குழந்தைகளோட மனநலத்துக்குன்னே அமெரிக்காவுல வந்த முதல் மருத்துவமனை. உள்ளேயே பள்ளிக்கூடமும் உண்டு.

அங்க டாக்டரா இருந்தவர் சார்லஸ் பிராட்லி, அந்தக் குடும்பத்து உறவுக்காரர்தான். மூளையைப் படம் பிடிக்க அப்ப ஸ்கேன் எல்லாம் கிடையாது. முதுகுத் தண்டுல ஊசி போட்டு உள்ள இருக்கிற நீரை எடுத்துட்டு, காத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க. அதுக்கப்புறம் பசங்களுக்குத் தலைவலி பிச்சு எடுக்கும். பென்சிடிரின்ங்கிற மருந்து (ஆம்ஃபிடமின் வகை) அந்த நீர் சீக்கிரம் ஊற உதவும்னு நினைச்சு பிராட்லி கொடுத்துப் பாத்தார்.

தலைவலி கதை முன்னாடியே சொல்லிட்டேன். வகுப்புல மாற்றம் தெரிஞ்சது. பிறகு 5 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும் 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பதிவு பண்ணினாங்க. அதுல 14 பேரோட படிப்புல கண்ணுக்குத் தெரியற முன்னேற்றம். மருந்தை நிறுத்தின உடனே அதுவும் போயிடுச்சு. பசங்களே அதுக்கு "கணக்கு மாத்திரை"ன்னு பேர் வச்சுட்டாங்களாம். துடிப்பைக் கூட்டற மருந்து துடிப்பான பசங்களை எப்படி அமைதிப்படுத்தும்னு பிராட்லிக்கே ஆச்சரியம்.

இந்தக் கதையில எல்லாரும் மாத்திரையைத்தான் பாக்குறாங்க. நான் வேற ஒண்ணைப் பாத்தேன். மருத்துவமனைக்கு உள்ளேயே வகுப்பறையும் வாத்தியாரும் இல்லாம, வெறும் வார்டா இருந்திருந்தா இது யார் கண்ணுலயாவது பட்டிருக்குமா? நேத்து மூணு கணக்குக்கு மேல போடாதவன் இன்னிக்கு ஒரு பக்கம் முடிச்சான்னு தினமும் கூட இருக்கிற வாத்தியாருக்குத்தான் தெரியும். தலைவலியை எண்ணிக்கிட்டு இருந்தவங்களுக்குத் தெரியாது.

அப்புறம் என்ன ஆச்சு? ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்தக் கட்டுரை தூங்குச்சு. மனசுல இருக்கிற சிக்கலைப் பேசித் தீர்க்கணும்னு ஃபிராய்ட் வழி நம்பின காலம் அது.

ஜன்னலை மூடு, சுவரைக் காலி பண்ணு

அந்த இடைவெளியில பள்ளிக்கூடம் பக்கம் ஒரு முயற்சி நடந்துச்சு. 1933ல ஹிட்லரோட ஜெர்மனியை விட்டுக் கிளம்பின ஆல்ஃபிரட் ஸ்ட்ராஸ்ங்கிற டாக்டர், அமெரிக்கா வந்து லாரா லெஹ்டினென்ங்கிற ஆசிரியையோட சேர்ந்து 1947ல ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பசங்களுக்கு மூளையில ஏதோ சின்னக் காயம் இருக்கு, அதனால கண்ணுல படறது எல்லாமே அவங்களை இழுக்குதுங்கிறது அவங்க கணிப்பு. சின்ன வகுப்பு, படம் எதுவும் ஒட்டாத சுவர், வெளியே தெரியாதபடி மறைச்ச ஜன்னல், சுவரைப் பாத்துத் திருப்பின மேஜை. டீச்சர்கூட பளபளக்கிற நகை போடாம சாதாரணமா உடுத்தணும்.

1961ல வில்லியம் குரூக்ஷாங்க் இதையே இன்னும் ஒரு படி மேல கொண்டு போய், ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனி மூணு பக்கத் தடுப்பு வச்சார். நம்ம ஆபீஸ் கியூபிக்கிள் மாதிரி. (அதுல உக்காந்து நாம எவ்வளவு கவனமா வேலை பாக்குறோம்னு ஊருக்கே தெரியும் :-))

பின்னால வந்தவங்க சோதிச்சுப் பாத்ததுல, தடுப்புக்குள்ள உக்கார வச்சதால மட்டும் பெரிசா படிப்பு ஏறிடலைன்னு தெரிஞ்சது. 1975ல சிட்னி ஜென்டால்ங்கிற ஆய்வாளர் நேர் எதிரா ஒரு கருத்தைச் சொன்னாங்க. இந்தப் பசங்களுக்குத் தூண்டுதல் அதிகமாகிப் போகலை, போதாமத்தான் இருக்கு, அதான் அவங்களே அசைஞ்சு, பேசி, நோண்டித் தேடிக்கிறாங்கன்னாங்க. வெறும் சுவரைப் பாத்து உக்காரச் சொன்னா அசைவு கூடத்தானே செய்யும்?

ஆனாலும் ஸ்ட்ராஸ், லெஹ்டினென் ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போடணும். பதில் தப்பா இருக்கலாம், கேள்வி சரியான கேள்வி. பையனை மாத்தறதுக்கு முன்னாடி வகுப்பறையில எதை மாத்தலாம்னு யோசிச்சாங்க பாருங்க, அதுதான் விஷயம்.

பேர் மாத்தின கதை

இதுக்கு வச்ச பேர்களை வரிசையா எழுதினா நம்ம சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர் மாதிரி இருக்கும். முதல்ல "மூளைக் காயம்". காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியலைன்னதும் "சிறு மூளைச் செயல் குறை". 1966ல அமெரிக்க அரசுக்காகத் தயாரிச்ச அறிக்கை ஒண்ணு இதுக்கு 99 அறிகுறி பட்டியல் போட்டுச்சு. 99 இருந்தா யாருக்குத்தான் இல்லை?

1968ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டுல மிகைத் துடிப்பை மையமா வச்சு ஒரு பேர் வந்துச்சு. கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்து வர்ஜீனியா டக்ளஸ் 1972ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஓட்டத்தையும் ஆட்டத்தையும் விட, நீடிச்சு கவனம் வைக்கிறதும் அவசரத்தை அடக்கறதும்தான் இவங்களுக்கு அடிப்படைச் சிக்கல்னாங்க. அதோட விளைவு 1980 கையேட்டுல தெரிஞ்சது. பேர் ஏ.டி.டி., அதாவது கவனக் குறைபாடு. துடிப்பு இருந்தும் வரலாம், இல்லாமலும் வரலாம். 1987ல ஏ.டி.எச்.டி., 1994ல அதுக்குள்ள மூணு வகை, 2013ல 7 வயசுக்கு முன்னாடி அறிகுறி தெரியணும்ங்கிறதை 12 வயசுன்னு தளர்த்தினாங்க.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்காதீங்க. 1980க்கு முன்னாடி, யாரையும் தொந்தரவு பண்ணாம ஜன்னல் வழியா மேகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பொண்ணு எந்தப் பட்டியல்லயும் வரமாட்டா. அவ "சுமாரா படிக்கிற பொண்ணு", அவ்வளவுதான். ஓடினாத்தானே ஆசிரியர் கண்ணுல படும்?

மாத்திரைச் சண்டை

நடுவுல மருந்தும் வளர்ந்துச்சு. 1944ல சுவிட்சர்லாந்துல சீபா கம்பெனியில லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அவர் மனைவி மார்கரீட்டோட செல்லப் பேர் ரீட்டா, அதுலேர்ந்து வந்த பேர்தான் ரிடாலின். முதல்ல பெரியவங்களோட சோர்வுக்குத்தான் வித்தாங்க, 1960கள்ல குழந்தைகள் பக்கம் வந்துச்சு.

1970ல நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா ஊர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு இந்த மாதிரி மருந்துகள் கொடுக்கிறாங்கன்னு வாஷிங்டன் போஸ்ட்ல செய்தி வந்து பெரிய ரகளை. அமெரிக்க நாடாளுமன்றத்துல விசாரணை வரைக்கும் போச்சு. சமாளிக்க முடியாத வகுப்பை மாத்திரையால அடக்கறாங்களாங்கிறது நியாயமான பயம்தான். 2004ல திருத்தின சட்டத்துல, மருந்து சாப்பிட்டாத்தான் ஸ்கூலுக்கு வரலாம்னு எந்தப் பள்ளியும் நிபந்தனை போடக்கூடாதுன்னே எழுதிட்டாங்க.

மருந்தா பயிற்சியாங்கிற சண்டைக்கு ஒரு பெரிய ஆய்வு 1999ல வெளிவந்துச்சு. 7 வயசுலேர்ந்து 10 வயசுக்குள்ள 579 குழந்தைகள், நாலு குழு, 14 மாசம். கவனம், துடிப்பு இந்த அறிகுறிகளுக்கு ஒழுங்காக் கண்காணிச்ச மருந்து நல்லா வேலை செஞ்சது. ரெண்டும் சேர்ந்து கிடைச்ச குழுவுல குறைஞ்ச அளவு மருந்தே போதுமா இருந்துச்சு, வீட்டு உறவு மாதிரி மத்த விஷயங்கள்லயும் கொஞ்சம் கூடுதல் பலன். ஆனா மூணு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ குழுக்களுக்கு நடுவுல வித்தியாசம் தெரியலை. 14 மாசம் செஞ்சுட்டு விட்டா வாழ்நாளுக்கு ஆகாது. கண்ணாடி மாதிரி, கழட்டி வச்சா மறுபடி மங்கல்தான்.

சட்டம் வந்தது எப்படி

அமெரிக்காவுல எல்லாம் தானா நடந்துடும்னு நமக்கு ஒரு நினைப்பு. இல்லைங்க. 1973ல ஒரு சட்டம் வந்துச்சு. அதோட 504வது பிரிவு, அரசுப் பணம் வாங்கற எந்த இடமும் உடற்குறை, மனக்குறைன்னு யாரையும் ஒதுக்கக்கூடாதுன்னு சொன்னது. ஆனா விதிமுறையில கையெழுத்துப் போடாம நாலு வருஷம் இழுத்தடிச்சாங்க. 1977 ஏப்ரல்ல சான் ஃபிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் புகுந்து, மூணு வாரத்துக்கும் மேல அங்கேயே உக்காந்துட்டாங்க. ஜூடித் ஹ்யூமன் முன்னணியில இருந்தாங்க. சக்கர நாற்காலியில இருக்கறவங்க தரையில படுத்துத் தூங்கிப் போராடினாங்க. ஏப்ரல் 28 அன்னிக்குக் கையெழுத்து விழுந்துச்சு.

1975ல குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தனியா வந்துச்சு. அப்ப பத்து லட்சம் குழந்தைகள் பள்ளிக்கு வெளியேயே நிறுத்தப்பட்டிருக்காங்கன்னு அந்தச் சட்டமே ஒத்துக்கிச்சு. ஆனா அதுல ஏ.டி.டி. பேர் இல்லை. 1990ல சேர்க்கலாமான்னு பேச்சு எழுந்து, அரசு கருத்து கேட்டப்போ ரெண்டாயிரத்துக்கும் மேல கடிதம் குவிஞ்சுது. 1991 செப்டம்பர் 16 அன்னிக்குக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. இந்தப் பசங்களும் ஏற்கனவே இருக்கிற சட்டங்களுக்குள்ள வருவாங்க, சிறப்புக் கல்வி தேவைப்படாதவங்களுக்கும் 504 படி சாதாரண வகுப்புலயே மாற்றங்கள் செஞ்சு தரணும்னு.

1798லேர்ந்து 1991 வரைக்கும் எண்ணிப் பாருங்க, 193 வருஷம். பையன் மாறணும்ங்கிறதுலேர்ந்து வகுப்பும் மாறணும்ங்கிறதுக்கு வர அவ்வளவு நாள்.

அதுக்கப்புறமும் சொர்க்கம் வந்துடலை. 2011லேர்ந்து 2015 வரைக்கும் பள்ளிகள்ல மாற்றுத்திறன் பாகுபாடுன்னு அந்த ஊர்க் கல்வித்துறைக்கு வந்த புகார் 16,000க்கும் மேல. அதுல பத்துல ஒண்ணுக்கும் மேல ஏ.டி.எச்.டி. சம்பந்தப்பட்டது.

சரி, வகுப்புல என்னதான் மாத்தறாங்க?

பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. டீச்சருக்குப் பக்கத்துல இடம், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி. இருபது கணக்கை ஒரே தாள்ல கொடுக்காம அஞ்சஞ்சா கொடுக்கறது. சொன்ன வேலையைப் போர்டுலயும் எழுதி வைக்கறது. நோட்டு எடுத்துட்டு வா, போர்டைத் துடைன்னு நடுநடுவுல எழுந்து நடக்க ஒரு சாக்கு. பரீட்சைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தினசரி அட்டை. 1976லயே நியூயார்க் பக்கம் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல டேனியல் ஓலியரி குழு இதைச் சோதிச்சுக் காட்டிட்டாங்க. ஒரு சின்ன அட்டையில மூணோ நாலோ இலக்கு. "கணக்கை முடிச்சேன்", "கை தூக்கிட்டுப் பேசினேன்" மாதிரி. ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் டீச்சர் டிக் போடுவாங்க. சாயங்காலம் வீட்டுல அட்டையைப் பாத்து, அன்னிக்கே ஒரு சின்னப் பரிசு. அரை மணி நேரம் கூடுதல் விளையாட்டு, அவ்வளவுதான். ஏன் அன்னிக்கே? முழுப் பரீட்சையில நல்ல மார்க் வாங்கினா சைக்கிள்ங்கிறது இவங்க மனசுல நிக்காது. ரொம்ப தூரம். நாள் கணக்குல வந்தாத்தான் எட்டும்.

நம்ம தொழில்ல ஒரு பட்டனை நூறு பேர் தப்பா அழுத்தினா, "யூசருக்கு ஒழுக்கம் இல்லை"ன்னா சொல்றோம்? ஸ்கிரீனை மாத்தறோம். அந்த அட்டை அப்படி ஒரு மாற்றம்தான்.

நம்ம ஊர்ல

2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதுல உண்டு. ஏ.டி.எச்.டி.ன்னு தனியா பேர் இல்லை. 1990ல அமெரிக்காவுல நடந்த அதே விவாதம் நமக்கு இன்னும் பாக்கி.

ஆனா கையில ஒண்ணுமே இல்லைன்னு நினைக்காதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6லேர்ந்து 14 வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு. எட்டாவது முடியற வரைக்கும் எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேத்தக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. 2019ல ஃபெயில் போடறதைத் திரும்ப அனுமதிச்சப்பவும் இந்த வரியை எடுக்கலை. அடிக்கக்கூடாது, மனசை நோகடிக்கக்கூடாதுன்னும் 17வது பிரிவு சொல்லுது. (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அதைக் கவனிச்சுக்கோங்க.) அக்காகிட்ட இதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவளும் மாமாவும் சண்டை போடற தொனியில இல்லாம, ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போய் தலைமை ஆசிரியரைப் பாத்துப் பேசினாங்க. டி.சி. பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு. கிளாஸ் டீச்சர் ஒரு மாசம் அட்டையை முயற்சி பண்ணிப் பாக்குறேன்னு ஒத்துக்கிட்டாங்க. 45 பசங்களை வச்சுக்கிட்டு ஒருத்தனுக்காகத் தினமும் டிக் போடறது எவ்வளவு பெரிய வேலைன்னும் எனக்குப் புரியுது.

இத்தனை படிச்சதுல திரும்பத் திரும்ப வந்த ஆள் டாக்டர் இல்லை, டீச்சர்தான். கிரைட்டன் சாட்சிக்குக் கூப்பிட்டது வாத்தியாரை. பிராட்லியோட மாத்திரை என்ன செஞ்சுதுன்னு தெரிஞ்சது வகுப்புல. ஓலியரியோட அட்டையில டிக் போடறதும் அவங்கதான். இருநூறு வருஷமா முதல்ல பாக்கிற இடத்துல இருக்கிறது அவங்க. பாத்ததை வச்சு "இவன் சரிப்பட மாட்டான்"னு முடிக்கிறாங்களா, "அஞ்சு கணக்கா கொடுத்துப் பாப்போம்"னு ஆரம்பிக்கிறாங்களாங்கிறதுலதான் ஒரு பையனோட படிப்பே இருக்கு.

மக்களே, உங்கள்ல யாராவது டீச்சரா இருந்தா, இல்ல வீட்டுல இப்படி ஒரு வாண்டு இருந்தா, என்ன வேலை செஞ்சுது, என்ன செய்யலைன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. இங்க ஒரு வீட்டுல அதைக் கவனமாப் படிப்பாங்க.